எண்ணிக்கை சரியாக வந்த மாத்திரைகள்: ‘வாய்ஸ்’ ஆய்வில் நடந்தது என்ன?

பின்னணி

எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மருந்துகளை ஆப்பிரிக்கப் பெண்களிடம் சோதித்த ஆய்வு ‘வாய்ஸ்’. அது தொடங்கிய 2009 வாக்கில் எச்.ஐ.வி. தடுப்பில் இருந்த பெரிய ஓட்டை பெண்கள் விஷயத்தில்தான் இருந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் தொற்றுடன் வாழ்ந்த பெரியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆணுறை போடுவதா வேண்டாமா என்பது ஆணின் கையில். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழச் சொல்லும் அறிவுரையாலும் பயனில்லை. கணவனோ காதலனோ வெளியே எப்படி இருக்கிறான் என்று தெரியாத பெண்ணை அது எந்தத் தொற்றிலிருந்தும் காப்பாற்றாது. யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் தெரியாமல் அவளே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்ற தேடல் 1990-களிலிருந்தே நடந்துவந்தது. முதலில் வந்த ஜெல்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. நானாக்சினால்-9 என்ற கிருமிக்கொல்லி ஜெல், தொற்று அபாயத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவே செய்தது.

அதன் பிறகுதான் கவனம் ஏ.ஆர்.வி. மருந்துகள் பக்கம் திரும்பியது. தொற்று உள்ளவர்களுக்கு சிகிச்சையாகக் கொடுக்கும் மருந்தையே, தொற்று இல்லாதவர் முன்கூட்டி எடுத்துக்கொண்டால் வைரஸ் உடலில் வேரூன்றாமல் தடுக்கலாம் என்பது யோசனை. டெனோஃபோவிர் இதற்கு ஏற்ற மருந்தாகத் தெரிந்தது. பக்க விளைவு குறைவு, உடலில் நீண்ட நேரம் தங்கும், மாத்திரையாகவும் ஜெல்லாகவும் செய்ய முடியும்.

மருந்து இப்படித் தயாராக இருந்தபோது, அதை வாங்கிக்கொள்ளப்போகும் ஊர்களில் அந்த மாத்திரைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்தது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே கேள்வி கேட்ட அதிபர் 2008 வரை ஆட்சியில் இருந்தார். அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.வி. சிகிச்சை 2004-இல்தான் பரவலாகத் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் ஏராளமானோர் இறந்தார்கள். ஆகவே அந்த மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றுதான் ஊர் புரிந்துகொண்டது. 2010-இல் தென்னாப்பிரிக்கா தன் முதல்நிலை சிகிச்சையிலேயே டெனோஃபோவிரைச் சேர்த்தது. அதாவது, பக்கத்து வீட்டில் நோய்க்காகச் சாப்பிட்ட அதே மருந்தை, ஆரோக்கியமான ஓர் இளம்பெண் ‘நோய் வராமல் இருக்க’ என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். இது எவ்வளவு சிக்கலான வேண்டுகோள் என்பதை ஆய்வின் வடிவமைப்பு போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. பின்னால் நடந்த பலவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

ஆய்வின் அமைப்பு

ஆய்வின் பெயர் வாய்ஸ், ஆவணங்களில் எம்.டி.என்.-003. நடத்தியது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் இயங்கிய மைக்ரோபிசைட் ட்ரையல்ஸ் நெட்வொர்க் என்ற ஆய்வு வலையமைப்பு. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் அமெரிக்காவின் ஜீன் மரஸோ, ஜிம்பாப்வேயின் மைக் சிரென்ஜே. 2009 செப்டம்பரில் தொடங்கி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் 15 மையங்களில் 5,029 பெண்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலானோர் தென்னாப்பிரிக்கர்கள். சராசரி வயது சுமார் 25. திருமணமானவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான்.

ஐந்து பிரிவுகள். டெனோஃபோவிர் மாத்திரை ஒன்று, டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் கலந்த ட்ருவாடா மாத்திரை ஒன்று, இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை. டெனோஃபோவிர் ஜெல், அதோடு ஒப்பிட வெற்று ஜெல். யாருக்கு எது என்பது பெண்ணுக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. மாத்திரைப் பிரிவில் இருந்தவர்கள் தினமும் இரண்டு மாத்திரை போட வேண்டும். மருந்து எந்த மாத்திரையில் இருக்கிறது, அல்லது இரண்டிலுமே இல்லையா என்பதை மறைக்க அது தேவைப்பட்டது. ஜெல் பிரிவினர் தினமும் ஒரு குழல் ஜெல்லைப் பிறப்புறுப்புக்குள் செலுத்த வேண்டும். உறவு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தினமும்.

இந்த ‘தினமும்’ என்ற முடிவுக்கு அறிவியல் காரணம் உண்டு. உறவு எப்போது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாத பெண்ணுக்கு, உடலில் மருந்து எப்போதும் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் அதை ஏற்பவளின் பக்கம் நின்று பாருங்கள். அவளுக்கு நோய் இல்லை. மருந்து வேலை செய்யுமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை என்று ஒப்புதல் படிவமே சொல்கிறது. கையில் இருப்பது வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம் என்றும் அதே படிவம் சொல்கிறது. நேர்மையாக எழுதப்பட்ட அந்தப் படிவத்தைப் புரிந்துகொண்டு படித்த ஒருத்தி, இந்த மாத்திரையை ஏன் தினமும் விழுங்க வேண்டும்? மருத்துவ ஆய்வின் நெறிமுறையும் அதன் தேவையும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. இதற்கு எளிதான விடை இன்றும் இல்லை.

மாதாமாதம் நடந்தது

பெண்கள் மாதம் ஒருமுறை மையத்துக்கு வந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, ஆலோசனை, அடுத்த மாதத்துக்கான மருந்து. கருத்தடை வசதி கிடைத்தது, பாலியல் நோய்களுக்குச் சிகிச்சை கிடைத்தது, பயணச் செலவுக்கும் நேரத்துக்கும் ஒரு சிறு தொகை கிடைத்தது. பொது மருத்துவமனையில் அரைநாள் வரிசையில் நின்றாலும் இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்காது.

மருந்தை எடுத்தார்களா என்பதை மூன்று வழியில் பார்த்தார்கள். முதலாவது நேரில் கேட்பது. இரண்டாவது, கேள்வி கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கணினியில் பதில் தருவது. வெட்கமோ பயமோ இன்றி உண்மை வரும் என்ற எதிர்பார்ப்பில் சேர்த்தது இது. மூன்றாவது, திருப்பிக் கொண்டுவரும் டப்பாவில் எத்தனை மாத்திரை மீதி, எத்தனை ஜெல் குழல் மீதி என்று எண்ணுவது. நேரில் கேட்டபோது பயன்பாடு 90 சதவீதம். கணினியில் 88. எண்ணிப் பார்த்ததில் 86. மூன்றும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னதால் யாருக்கும் பெரிய சந்தேகம் எழவில்லை.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை மையங்களிலும் மீதி மாத்திரையை எண்ணித்தான் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள். “மாத்திரையெல்லாம் சரியா போடுறீங்களாம்மா?” என்ற கேள்விக்கு அங்கேயும் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. சிகிச்சையில் இருப்பவருக்கு வைரஸ் அளவுப் பரிசோதனை செய்கிறார்கள். மருந்தை விட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். வாய்ஸ் பெண்களுக்கோ தொற்றே இல்லை. அளக்க வைரஸ் கிடையாது. ரத்தத்தில் மருந்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த ரத்த மாதிரிகளைச் சேமித்தும் வைத்தார்கள். ஆனால் உடனுக்குடன் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்திருந்தால் யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று என்பது வெளிப்பட்டுவிடும் அபாயம் இருந்தது. ஆய்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது எடுத்த முடிவு.

வருகைப்பதிவு இன்னொரு நம்பிக்கை தந்தது. பின்தொடர்தல் வருகைகளில் 91 சதவீதம் தவறாமல் நடந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் வரவழைப்பது லேசான காரியமல்ல. இந்த எண்ணைப் பார்க்கும் எவருக்கும் ‘இவ்வளவு ஈடுபாட்டோடு வருகிறார்கள், மருந்தை மட்டும் விட்டுவிடுவார்களா?’ என்றுதான் தோன்றியிருக்கும்.

2010, 2011: அக்கம்பக்கத்திலிருந்து வந்த சைகைகள்

2010 ஜூலையில் வியன்னாவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் காப்ரிஸா 004 என்ற ஆய்வின் முடிவு வந்தது. தென்னாப்பிரிக்காவில் 889 பெண்கள் உறவுக்கு முன்னும் பின்னும் டெனோஃபோவிர் ஜெல் பயன்படுத்தியதில் தொற்று 39 சதவீதம் குறைந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த நவம்பரில் ஐப்ரெக்ஸ் ஆய்வு வெளியானது. ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்களையும் திருநங்கைகளையும் பெரும்பாலும் கொண்ட 2,499 பேரில் ட்ருவாடா 44 சதவீதம் தொற்றைக் குறைத்திருந்தது.

ஐப்ரெக்ஸ் அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது, அதைத்தான் கவனித்திருக்க வேண்டும். மருந்துப் பிரிவில் தொற்று வராதவர்களின் மாதிரிகளில் கிட்டத்தட்ட பாதியில்தான் மருந்து தென்பட்டது. தொற்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வாயால் சொன்ன பயன்பாடோ மிக அதிகம். ஆக, சொல்வதற்கும் ரத்தத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கலாம் என்பது 2010 முடிவதற்குள் துறைக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் 2011 ஏப்ரலில் ஃபெம்-ப்ரெப் நிறுத்தப்பட்டது. கென்யா, தென்னாப்பிரிக்கா, டான்சானியாவில் 2,120 பெண்களிடம் ட்ருவாடாவைச் சோதித்த ஆய்வு அது. மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பின்னால் பார்த்தபோது தவறாமல் எடுத்ததாகச் சொன்னவர்கள் 95 சதவீதம். ரத்தத்தில் மருந்து இருந்தவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. தமக்குத் தொற்று வரும் வாய்ப்பு குறைவு, அல்லது இல்லவே இல்லை என்று கருதிய பெண்கள் 70 சதவீதம்.

இந்தச் சமயத்தில் வாய்ஸ் குழு சும்மா இருக்கவில்லை. 2011-இல் ஆலோசனை முறையை மாற்றினார்கள். மீதி மாத்திரைக் கணக்கைக் காட்டி ‘இது ஏன் குறைகிறது?’ என்று கேட்பதை விட்டு, பெண்ணின் அனுபவத்தை அவள் போக்கில் பேசவிடும் முறைக்கு வந்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த வேளையில் ஆட்சேர்ப்பு முடியும் கட்டத்தில் இருந்தது. பெண்களுக்கும் மையத்துக்கும் இடையே என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்ற வழக்கம் அதற்குள் உறைந்துவிட்டிருந்தது.

இரண்டு நிறுத்தங்கள்

2011 செப்டம்பரில் தரவுகளைக் கண்காணிக்கும் தனிக்குழு டெனோஃபோவிர் மாத்திரைப் பிரிவை நிறுத்தச் சொன்னது. நவம்பரில் ஜெல் பிரிவையும். இரண்டிலும் பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை. எவ்வளவு காலம் தொடர்ந்தாலும் வெற்றுப் பொருளைவிட மேல் என்று காட்ட வாய்ப்பில்லை என்பதே காரணம். காப்ரிஸாவில் கைதட்டல் வாங்கிய ஜெல் ஒன்றரை ஆண்டுக்குள் இந்த நிலைக்கு வந்தது. ட்ருவாடா பிரிவு மட்டும் 2012 ஆகஸ்ட் வரை ஓடியது.

ரத்தம் சொன்னது

2013 மார்ச்சில் அட்லாண்டா மாநாட்டில் முழு முடிவையும் வெளியிட்டார்கள். மூன்று பொருளில் ஒன்றுகூடத் தொற்றைத் தடுத்ததாக நிறுவ முடியவில்லை. ஆய்வுக் காலத்தில் 312 பெண்களுக்குத் தொற்று ஏற்பட்டது. 100 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்தால் கிட்டத்தட்ட 6 பேருக்கு என்ற விகிதம். திட்டமிடும்போது கணித்ததைவிட இது மிக அதிகம். 25 வயதுக்குட்பட்ட, மணமாகாத பெண்களிடையே அதே கணக்கு 8.8. வயதில் மூத்த, மணமான பெண்களிடையே 0.8.

சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்ததில் டெனோஃபோவிர் மாத்திரைப் பிரிவின் மாதிரிகளில் 30 சதவீதத்தில்தான் மருந்து இருந்தது. ட்ருவாடா பிரிவில் 29. ஜெல் பிரிவில் 25. மூன்றிலுமே பாதிக்குக் குறையாத பெண்களின் ரத்தத்தில், எடுத்த எந்த மாதிரியிலும் ஒருமுறைகூட மருந்து தென்படவில்லை. அதாவது இவர்கள் எப்போதாவது மறந்து, இடையில் விட்டவர்கள் அல்லர். ஏறக்குறைய தொடக்கத்திலிருந்தே எடுக்காதவர்கள். ஆனாலும் மாதாமாதம் வந்து, டப்பாவைக் கொடுத்து, எண்ணிக்கை சரியாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். வருவதற்கு முன் மீதியைக் கொட்டிவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும்.

யார் எடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. மணமாகாத இளம்பெண்கள், தொற்று அதிகம் வந்ததும் அவர்களுக்குத்தான். மருந்து தோற்றதா, எடுக்காததால் தோற்றதா என்ற கேள்விக்கு ஒரு விடை ஜெல் பிரிவில் இருந்தது. முதல் காலாண்டு ரத்தத்தில் மருந்து தென்பட்ட பெண்களுக்குத் தொற்று குறைவாகவே வந்தது. மருந்து உடலுக்குள் போனால் வேலை செய்யும் என்பதற்கான தடயம் அது. ஆனால் ஒழுங்காக எடுக்கும் பெண் வேறு விதத்திலும் ஒழுங்காக இருக்கலாம் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

பெண்களிடம் திரும்பிப் போனது

இந்த ஆய்வின் உண்மையான பயன் இதன் பிறகுதான் தொடங்குகிறது என்பேன். மருந்தியல் ரீதியில் தோற்றுப்போன ஆய்வை மூடிவைத்துவிட்டு அடுத்த மருந்துக்குப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஆய்வு ஓடிக்கொண்டிருந்தபோதே ஜோஹானஸ்பர்க்கில் வாய்ஸ்-சி என்ற பெயரில் ஒரு சமூகவியல் ஆய்வு நடந்தது. ஆரியன் வான் டெர் ஸ்ட்ராட்டன் தலைமையில் 102 பெண்களிடமும், அவர்களில் சிலரின் துணைவர்களிடமும், ஊர்க்காரர்களிடமும் நீளமாகப் பேசினார்கள். மாத்திரை போடுவது ஏன் கடினம் என்று பெண்கள் தாராளமாகப் பேசினார்கள். நோயில்லாதவள் மருந்து சாப்பிடுவதை வீட்டார் புரிந்துகொள்வதில்லை. துணைவன் டப்பாவைப் பார்த்தால் நோய் என்று நினைப்பான், அல்லது அவளையே சந்தேகிப்பான். ஆராய்ச்சிக்காரர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்ற பயம் ஒருபுறம். காத்திருக்கும் அறையில் பெண்கள் பக்க விளைவுகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டதில் ஒருத்தியின் வாந்தி எல்லோருடைய அச்சமாகவும் ஆனது. இவ்வளவும் சொன்னார்கள். ஆனால் ‘நான் எடுக்கவில்லை’ என்று ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே. கஷ்டம் எல்லாம் பொதுவாக ‘பெண்களுக்கு’ இருந்தது; தனக்கு இருந்ததாகச் சொல்லவில்லை.

ஆய்வு முடிந்த பிறகு மூன்று நாடுகளிலும் வாய்ஸ்-டி நடந்தது. முன்னாள் பங்கேற்பாளர்களை மீண்டும் அழைத்து, அவரவர் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருந்தது என்ற முடிவை அவரவரிடம் காட்டிப் பேசினார்கள். இந்த முடிவு எடுப்பதற்கு எளிதானதல்ல. ‘உங்கள் பொய் எங்களுக்குத் தெரியும்’ என்று குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடலாம். ஆனால் காட்டிய விதம் குற்றச்சாட்டாக இல்லை. இது எப்படி வந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்பதாக இருந்தது. முதலில் பலருக்கு அதிர்ச்சி. அப்புறம் பேச்சு வந்தது. ஆண்டுக்கணக்கில் ஹெட்ஃபோனும் கணினியும் கொண்டுவராத பேச்சை ஒரு தாளில் இருந்த பரிசோதனை முடிவு கொண்டுவந்தது.

ஏன் எடுக்கவில்லை என்பதற்கு முதன்மையாக வந்தவை பக்க விளைவும் அதன் பயமும்தான். ஏன் மறைத்தார்கள் என்பதற்கு வந்த பதில்களைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். எடுக்கவில்லை என்று சொன்னால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம். ஊழியர் திட்டுவார் என்ற தயக்கம். உண்மையைச் சொன்னால் கூடுதல் ஆலோசனை அமர்வில் உட்காரவைத்து நேரத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற சலிப்பு. கிடைக்கும் மருத்துவ வசதியும் தொகையும் போய்விடுமே என்ற கணக்கு. மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற சமாதானம்.

பெண்கள் பொய் சொல்லி ஆய்வைக் கெடுத்துவிட்டார்கள் என்ற தொனியில் அன்று எழுதியவர்கள் உண்டு. இந்தக் காரணங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அந்தத் தொனி நிற்காது. உண்மை சொன்னவளுக்குக் கூடுதல் ஒரு மணி நேரமும் ஓர் அதட்டலும் கிடைக்கலாம் என்ற நிலை. பொய் சொன்னவளுக்கு நேரத்தோடு வீடு திரும்ப முடிந்தது. ஒரு மையத்தின் நடைமுறை இப்படி இருந்தால் அதில் மிக நேர்மையானவர்கூட இரண்டாவது வழியைத்தான் கற்றுக்கொள்வார். அந்த மையங்களிலிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்த 90 சதவீதம் என்ற எண், பெண்களுக்கும் மையத்துக்கும் இடையே இருந்த உறவை அளந்த எண். மருந்தை அது அளக்கவேயில்லை.

அதே மருந்து இன்னோரிடத்தில்

இதே ஆண்டுகளில் கென்யாவிலும் உகாண்டாவிலும் பார்ட்னர்ஸ் ப்ரெப் ஆய்வு 4,758 தம்பதிகளிடம் நடந்தது. ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. தொற்றில்லாதவர் மாத்திரை எடுத்தார். ட்ருவாடா 75 சதவீதம் தடுத்தது. பெண்களிடமும் தடுத்தது. மருந்தும் மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை. வேறுபட்டது வீடுதான். அங்கே ஆபத்து ஊகம் அல்ல. கண் முன்னால் இருக்கும் துணையின் பரிசோதனைத் தாள். மாத்திரையை மறைக்கத் தேவையில்லை. அதை எடுப்பதே அந்த உறவைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகவும் ஆனது. பல தம்பதிகளில் ஒருவர் மற்றவருக்கு நினைவூட்டினார். வாய்ஸில் இருந்த மணமாகாத இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த மாத்திரை ஓர் உறவை உடைக்கக்கூடிய பொருள்.

பெண்களின் உடலில் இந்த மருந்து குறைவாகச் சேர்வதுதான் காரணம் என்ற வாதமும் எழுந்தது. பிறப்புறுப்புத் திசுவில் மலக்குடல் திசுவைவிடக் குறைவாகச் சேர்வது உண்மைதான். ஆனால் முழுக் காரணமும் அதுவானால் பார்ட்னர்ஸ் ப்ரெப் பெண்களிடம் அந்த முடிவு வந்திருக்காது.

பின்தொடர்ந்தவை

அடுத்து அதே வலையமைப்பு நடத்திய ஆஸ்பையர் ஆய்வில் பாடம் ஓரளவு உறைத்திருந்தது. டாபிவிரின் மருந்து ஊறிய வளையத்தைப் பெண் மாதம் ஒருமுறை தானே பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளலாம். இம்முறை ஆய்வு ஓடும்போதே ரத்தத்தையும், திரும்பி வந்த வளையத்தில் மிச்சமிருக்கும் மருந்தையும் சோதித்தார்கள். யாருடையது என்று காட்டாமல், மையத்தின் கூட்டுக் கணக்காகவே ஊழியர்களுக்குத் தெரிவித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று என்ற மறைப்பும் உடையவில்லை, எந்த மையத்தில் சிக்கல் என்பதும் தெரிந்தது. 2016-இல் வந்த முடிவு 27 சதவீதத் தடுப்பு. மிக இளையவர்களிடம் பயனில்லை. அங்கேயும் பயன்பாடு குறைவு.

வாய்ஸ்-டியில் முடிவைக் காட்டியதும் பேச்சு வந்ததே, அப்படியானால் ஆய்வின்போதே பெண்ணிடம் காட்டினால் எடுப்பாள் அல்லவா? நியாயமான கேள்வி. எச்.பி.டி.என். 082 என்ற ஆய்வு இதைச் சோதித்தது. கேப் டவுன், ஜோஹானஸ்பர்க், ஹராரே நகரங்களில் 16 முதல் 25 வயதுவரை உள்ள பெண்கள். இவர்களுக்கு வெற்று மாத்திரை கிடையாது. வேலை செய்யும் என்று நிரூபணமான மருந்தே கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு ரத்த முடிவைச் சொல்லி ஆலோசனை, மறுபாதிக்கு வழக்கமான ஆலோசனை. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றாம் மாதம் 84 சதவீதத்தினரிடம் மருந்து தென்பட்டது, ஆறாம் மாதம் 57, ஓராண்டில் 31. ரத்த முடிவு உண்மையைப் பேச வைக்கிறது. மாத்திரையை விழுங்க வைப்பதில்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை இது காட்டியது.

சரி, தினமும் விழுங்க வேண்டாத வடிவம் கொடுத்தால்? எச்.பி.டி.என். 084 ஆய்வில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ரவிர் ஊசி, தினசரி மாத்திரையைவிட 89 சதவீதம் குறைவான தொற்றைக் காட்டியது. 2020 நவம்பரில் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்த அதுவே காரணம். 2024-இல் பர்ப்பஸ் 1 என்ற ஆய்வின் முடிவு வந்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒரு லெனகாபவிர் ஊசி. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதே ஆய்வில் மாத்திரைப் பிரிவுகளில் தொற்று வந்தது. மருந்தளவுச் சோதனையில் பயன்பாடு குறைவு, நாளாக ஆக இன்னும் குறைவு. பதினைந்து ஆண்டு கழித்தும் மாத்திரை பற்றிய கதை மாறவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் லெனகாபவிரைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் ஆண்டுக்கு சுமார் 40 டாலர் விலையில் தயாரிப்பதாக அறிவிப்புகள் வந்தன. வாய்ஸை நடத்திய வலையமைப்பு அதைப் பார்க்க இல்லை. நிதி முடிந்து 2021-இலேயே கலைந்துவிட்டது.

எதை மாற்றலாம்

ஊசி வந்துவிட்டதால் இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதும் ஒரு நடத்தைதான். கிளினிக்கில் யார் பார்க்கிறார்கள், அடுத்த ஊசிக்கு வராவிட்டால் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகள் அங்கேயும் உண்டு. காசநோய் தடுப்பு மாத்திரையிலும் நீரிழிவு மாத்திரையிலும், நோயாளி வாயால் சொல்வதை வைத்துக் கணக்கு எழுதும் எந்தத் திட்டத்திலும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

நான் இப்படி ஓர் ஆய்வை வடிவமைக்கும் இடத்தில் இருந்தால் முதலில் சமூகவியல் பகுதியை முன்னால் கொண்டுவருவேன். வாய்ஸ்-சி கண்டுபிடித்த பெரும்பாலானவற்றை ஆட்சேர்ப்புக்கு முன்பே ஐம்பது பெண்களோடு பேசித் தெரிந்துகொண்டிருக்கலாம். மாத்திரை டப்பாவைப் பார்த்து அந்த ஊர் என்ன நினைக்கும் என்று அறிய 5,029 பேர் தேவையில்லை. மருந்தளவுச் சோதனையைத் தொடக்கத்திலிருந்தே ஒரு சிறு மாதிரியில், மறைப்பை உடைக்காத வெளி ஆய்வகத்தில் செய்வேன். ஐப்ரெக்ஸ் வந்த பிறகு அதைச் செய்யாமலிருக்கக் காரணம் பலவீனமானது. மருந்து கொடுப்பவரும் பயன்பாட்டைப் பற்றிக் கேட்பவரும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. மீதியைக் கொண்டுவந்தவருக்குக் கூடுதல் ஆலோசனை தானாக விதிக்கப்படக் கூடாது. அவர் கேட்டால் மட்டும்.

ஒப்புதல் படிவத்திலும் ஒரு வரி சேர்ப்பேன். மருந்தை எடுக்காவிட்டாலும், நிறுத்திவிட்டாலும் நீங்கள் இந்த ஆய்வில் தொடரலாம்; பரிசோதனை, சிகிச்சை, பயணப்படி எதுவும் நிற்காது; எடுக்கவில்லை என்று எங்களிடம் சொல்வதே இந்த ஆய்வுக்கு நீங்கள் செய்யும் உதவி. இதைப் படிவத்தில் எழுதுவதோடு விடாமல், மாதாந்தர வருகையில் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஊழியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் மையத்தில் பயன்பாட்டு எண் 90 வராது. 40 வரலாம். அந்த 40-ஐ மேலே அனுப்பும் மைய மேலாளருக்கு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ் வராமல் பார்த்துக்கொள்வது ஆய்வின் நிதியாளர்கள் செய்ய வேண்டிய வேலை.